ஒரம்பரை அறைக்குள் வந்த அரிசி டிரம்

ஹாலையும் அடுப்படியையும் விட்டுவிட்டால் எங்கள் வீட்டில் மூன்று அறைகள். அவற்றுள் இரண்டில் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வாழ்ந்தோம். மூன்றாவதில் யாரும் வாழவில்லை. வீட்டிலேயே பெரியது அதுதான். வெளிச்சமும் காற்றும் தாராளமாக வருவது, மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை தெரிவது. அதற்கு ஒரம்பரை ரூம் என்று பெயர். வீட்டுக்கு வரும் உறவினர்களை, விருந்தாளிகளை எங்கள் பக்கத்தில் ஒரம்பரை என்பார்கள். நல்லதை வருகிறவர்களுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் தாங்கள் குடியிருப்பதைக் கொங்குநாட்டுக் குடும்பங்கள் ஒரு கொள்கையாக அறிவித்ததில்லை. மூச்சு விடுவதை யாரும் அறிவிப்பதில்லை அல்லவா?

பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது எங்கள் வீடு. அப்பா பம்பு உதிரிப்பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறிய லேத் பட்டறை ஒன்றை நடத்திவந்தார். பட்டறை கொஞ்சம் தலைநிமிர்ந்ததும் அவர் முதலில் கட்டியது அந்த அறையைத்தான். தேக்குக் கட்டில், ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ, புது மெத்தை. மெத்தையோடு வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை. படுத்துப் புரண்டால் அது சரசரக்கும். அந்தச் சரசரப்பைக் கேட்கும் பாக்கியம் ஒரம்பரைக்கு மட்டுமே உண்டு. நானோ நடு அறையில், அம்மாவின் தையல் மிஷினுக்கும் அரிசி டிரம்முக்கும் இடையில் பாய் விரித்துப் படித்தேன், உண்டேன், உறங்கினேன். அம்மா அந்த நடு அறையில் அமர்ந்துதான் தெருப் பெண்களுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பார். வெளிச்சம் போதாமல் ஊசியில் நூல் கோப்பதற்கு வாசல்வரை எழுந்து போய் வருவார்.

ஐந்தாம் வகுப்பிலேயே நான் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கத் தொடங்கியிருந்தேன். எந்தப் பொருளுக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு என்றும், நான் நிற்கும் பக்கமே வெல்லும் என்றும் ஐயமின்றி நம்பினேன். அந்த நம்பிக்கை இன்றும் பெருமளவுக்கு உயிரோடுதான் இருக்கிறது. அதனால்தான் இன்று கல்லூரி மேடைகளில் என்னை அழைக்கிறார்கள். ஆனால் நீ கண்டவற்றுள் ஆகச் சிறந்த வாதம் எது என்று யாராவது கேட்டால், எந்த மேடையும் என் நினைவுக்கு வருவதில்லை. அந்த அறைதான் வருகிறது. அங்கே வாதாடியவர் ஒரு சொற்றொடரைக்கூட முழுதாகப் பேசவில்லை.

அந்த ஆண்டு கோடை விடுமுறை தொடங்கும்போது உடுமலைப்பேட்டையிலிருந்து அத்தை வந்தார். அவர் அப்பாவின் அக்கா. கணவர் இறந்து ஓராண்டு முடிந்திருந்தது. பிள்ளைகள் இல்லை. தென்னந்தோப்பு நடுவே ஒரு பெரிய வீட்டில், கணவரின் தம்பி குடும்பத்தோடு கூட்டாக இருந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தார். கையில் ஒரே ஒரு ஜிப் வைத்த பை. அதைக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். வந்த நாள் முதல் அந்தப் பை நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

அத்தை எங்களோடேயே தங்கிவிட வேண்டும் என்று அப்பா விரும்பினார். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை. சொன்னால், புகுந்த வீட்டில் உங்களுக்கு இடமில்லை என்று அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். உடுமலைக்காரர்கள் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று ஊருக்குப் பறைசாற்றியதாகிவிடும். அவர்களோ குறை சொல்ல முடியாத மனிதர்கள். அத்தையின் அறையில் இப்போது கொழுந்தனாரின் மகன் பிளஸ் டூவுக்குப் படித்துக்கொண்டிருந்தான் என்பது உண்மை. அதிலும் தவறில்லை, பிள்ளைகள் வளர்ந்தால் வீட்டில் அறைகள் கைமாறத்தான் செய்யும். அத்தைக்கு அங்கே சோறும் மரியாதையும் குறையாமல் கிடைத்தன. அவருக்கென்று சாவி திருப்பித் திறக்க ஓர் அலமாரிதான் இல்லாமல் போனது. அவர்களுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. திரும்ப அழைத்துப் போகாவிட்டால், அண்ணன் கண்மூடியதும் அண்ணியை அனுப்பிவிட்டார்கள் என்று பேச்சு வரும்.

அத்தையையே கேட்டிருக்கலாமே என்று தோன்றலாம். கேட்டிருந்தால், உங்களுக்கு எது சவுகரியமோ அப்படிங்க என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் பெயராது. இவற்றையெல்லாம் நான் பிற்காலத்தில் கூட்டிப் பார்த்துத்தான் அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அத்தையைப் போல எனக்கு மதிப்புக் கொடுத்தவர் உலகத்தில் வேறு யாருமில்லை. வாங்க அம்மணி, உக்காருங்க அம்மணி, உங்க பேச்சை ஒருக்கா சொல்லிக் காமிங்க அம்மணி என்று எனக்கும் 'ங்க' போட்டே பேசுவார். ஒருமுறைகூட அதட்டியதில்லை. நான் அறைக்குள் எதைச் சிதறவிட்டாலும் தானே குனிந்து எடுத்துவைப்பார்.

நாங்களும் குறைவைக்கவில்லை. இடியாப்பம் போலச் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றினோம். பருப்புப் பூரணம் வைத்து ஒப்புட்டு தட்டினோம். அவர் டம்ளரைக் கழுவப் போனால் அம்மா கையிலிருந்து பிடுங்கினார். அவர் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தால் அப்பா பதறிப்போய், நீங்க போய் ரெஸ்ட் எடுங்க என்றார். அத்தை எழுந்து அறைக்குள் போய், மெத்தையின் ஓரத்தில், சரசரப்பு எழாதபடி உட்கார்ந்துகொள்வார். ஃபேன் போட்டுக்கலாமுங்களா என்று எட்டிப்பார்த்துக் கேட்பார். காலையில் நாங்கள் எழுவதற்குள் போர்வையை மடித்து, விரிப்பை இழுத்துவிட்டு, யாருமே படுக்காத கட்டிலைப் போல அதை ஆக்கிவைத்திருப்பார். உபசாரம் ஏற ஏற அத்தை மெலிந்துகொண்டே போனார். அதை நானும் கண்டேன். வெயிலால் என்று நினைத்தேன்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். மலைப்பக்கம் மேகம் திரண்டிருந்தது. கொய்யா மரத்தில் ஏறியிருந்த எனக்கு ஒரம்பரை ரூம் ஜன்னல் வழியாக அத்தை தெரிந்தார். ஃபோனில் உடுமலைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"வந்தர்றனுங்க. நானென்ன இங்கயேவா இருக்கப்போறேன்? ஒரம்பரைக்கு வந்தவதானுங்களே. வாற ஞாயித்துக்கெழமை நீங்களே காரெடுத்துட்டு வந்துருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஃபோனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை. யாராவது வந்து எடுத்துவைக்கட்டும் என்பதுபோல முகத்தில் சற்று நேரம் கிடந்தது. பிறகு பையின் ஜிப்பைத் திறந்து, ஏற்கெனவே மடித்திருந்த சேலைகளை வெளியே எடுத்து, மறுபடியும் மடித்து உள்ளே வைத்தார். விளக்கைப் போடவில்லை.

செய்தியை முந்தித் தருவதில் எனக்கு எப்போதும் ஓர் இன்பம் உண்டு. மரத்திலிருந்து இறங்கி அடுப்படிக்கு ஓடி, அத்தை ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறார் என்று அம்மாவிடம் அறிவித்தேன். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதை நிறுத்திவிட்டு, போகிறேன் என்று சொன்ன பிறகு அத்தை என்ன செய்தார் என்று மட்டும் கேட்டார். நான் கண்டதை வரிசையாகச் சொன்னேன். அம்மா மறுபடி மிக்சியைப் போடவே இல்லை. அன்றிரவு எங்களுக்குச் சட்னி அரைகுறையாகத்தான் கிடைத்தது.

மறுநாள் காலையில் அம்மா தையல் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு பக்கத்தைப் பிடிக்கும்படி அப்பாவை அழைத்தார். எங்கே என்று அப்பா கேட்க, அம்மா தாடையால் ஒரம்பரை ரூமைக் காட்டினார். அப்பா முதலில் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்புள்ள, நாளைக்கு ஒரம்பரை வந்தா எங்க படுக்க வெப்பே?"

"நம்ம கூடப் படுக்கட்டுங்க. ஆரு வேண்டாம்னா? நீங்க புடிங்க."

அப்பா பிடித்தார். தன் சம்பாத்தியத்தின் முதல் பெருமையை ஒரு மனிதர் தானே தூக்கிக் கலைப்பதை அன்று நான் நேரில் பார்த்தேன். அது எத்தகைய காட்சி என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து, இடுப்புப் பிடித்துக்கொண்டதாக்கும் என்று நினைத்தேன்.

அத்தை கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். கணவரின் அக்காவையும் அண்ணன் மனைவியையும் எங்கள் பக்கத்தில் நங்கையா என்பார்கள்; அம்மாவும் அத்தையை அப்படித்தான் கூப்பிடுவார். நங்கையா, நடு ரூம்ல வெளிச்சமே பத்தறதில்லீங்க, கண்ணு நோவுது, ஜன்னலோரமா மிஷினைப் போட்டுக்கட்டுங்களா என்று கேட்டார். உங்க ஊட்ல என்னையக் கேக்கணுங்களா என்று அத்தை தடுமாறினார். அதற்குள் மிஷின் ஜன்னலோரம் போய் நின்றுவிட்டது.

அதன்பின் ஒவ்வொரு நாளும் ஏதாவதொன்று அந்த அறைக்குள் குடிபுகுந்தது. நடு அறையில் எலி வருகிறது என்று அரிசி டிரம் போனது. இஸ்திரிப் பெட்டிக்கு அங்குள்ள பிளக்தான் சரியாக இருக்கிறதென்று அதுவும், அதன் பின்னாலேயே துணிக்கூடையும் போயின. நடு அறைப் பீரோவின் கதவு மூடவில்லை என்று எங்கள் மூவரின் துணிகளும் கண்ணாடி பீரோவுக்கு இடம்பெயர்ந்தன. அது பன்னிரண்டு மாதமும் மூடாத கதவுதான் என்பது எனக்குத் தெரியும். என் புத்தகங்கள் கட்டிலின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டன. மூன்றாம் நாள் அம்மா கத்தரிக்கோலை எடுத்து, மெத்தையின் பிளாஸ்டிக் உறையைத் தலையிலிருந்து கால்வரை வெட்டி உரித்தார். அந்தச் சத்தம் ஹாலுக்குக் கேட்டதும் அப்பா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பிப் போனார்.

அடுத்தது பை. அப்பாவுக்குக் கோயம்புத்தூர் போய்ச் சாமான் வாங்கிவர நல்ல பையாக ஒன்று வேண்டுமாம். வீட்டில் இருப்பதெல்லாம் கிழிந்துவிட்டதாம். உங்க பையைச் சித்த குடுங்க நங்கையா என்று அம்மா கேட்டபோது அத்தையால் மறுக்க முடியவில்லை. உள்ளே இருந்த சேலைகள் எங்கே போகும்? கண்ணாடி பீரோவின் நடுத்தட்டு தற்செயலாகக் காலியாக இருந்தது. அன்று மாலை அந்தப் பை இரும்புச் சாமான்களோடும் கிரீஸ் கறையோடும் வீடு திரும்பியது. இனி அதில் சேலை வைக்க முடியாது.

சமையலும் மாறியது. சந்தகை நின்றது, ஒப்புட்டு நின்றது. அரிசிம்பருப்புச் சோறும் தயிரும் தட்டில் விழுந்தன. எங்கள் வீட்டில் அது அவசரத்துக்குச் செய்யும் அன்றாடச் சாப்பாடு, வந்தவர்களுக்குப் போடமாட்டார்கள்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. கணவரை இழந்து வந்த ஒரு பெண்ணை, நான் உயிராக நேசித்த ஒருவரை, என்னைப் பெற்றவரே சாமான் ரூமில் தள்ளுகிறார் என்று கண்டேன். ஆகவே ஓர் உரை தயாரித்தேன். விருந்தோம்பல் தமிழரின் உயிர் என்று தொடங்கி, நல்ல அறையைக் கொடுத்துப் பறிப்பது கொடாமலிருப்பதைவிடக் கொடிது என்று நடுவில் உயர்ந்து, இந்த வீட்டில் அரிசிக்கு இருக்கும் மரியாதை அத்தைக்கு இல்லையா என்ற கேள்வியில் முடித்தேன். அப்பாவின் முன்னால் நின்று, கையசைவுகளோடு நிகழ்த்தினேன். அப்பா செய்தித்தாளைக் கீழே இறக்காமலே கேட்டார்.

"நல்லாப் பேசினீங்க அம்மணி. இதை அப்படியே அடுப்படியில போய்ப் பேசுங்க."

அடுப்படியில் இரண்டாம் முறை நிகழ்த்தினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கடைசிக் கேள்விவரைக்கும் கேட்டார்.

"பேசி முடிச்சாச்சா கண்ணு? அப்ப இந்த முறத்தைக் கொண்டுபோய் அத்தை ரூம்ல மாட்டிட்டு வா."

இதற்கிடையில் அந்த அறையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நானோ என் கோபத்தில் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. பிளவுஸ் கேட்டு வரும் பெண்கள் நேராக அந்த அறைக்கே வந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து கதை பேசினார்கள். அம்மா அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் துணியை யாரிடமாவது கொடுக்க வேண்டியிருந்ததால் அத்தையிடம் கொடுத்தார்கள். சும்மா வைத்திருப்பானேன் என்று அத்தை கொக்கி தைத்தார். இளம்பெண்ணாக இருந்தபோது அவரே பிளவுஸ் தைத்து உடுத்தியவராம். பிறகொரு மதியம், அம்மா கடைக்குப் போயிருந்தபோது, அத்தை மிஷினை ஒரு சாண் நகர்த்திப் போட்டார். கை நிழல் துணி மேல விழுகுது என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டார். திரும்பிவந்த அம்மா மிஷின் இடம் மாறியிருப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அந்தப் புதிய இடத்திலேயே உட்கார்ந்து தைக்கத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உடுமலை மாமாவும் அவர் மனைவியும் காரில் வந்து இறங்கினார்கள். மாமா அத்தையின் கொழுந்தனார். வாழைத்தார், இளநீர், தாம்பாளத்தில் பூவும் பழமும் புதுச்சேலையும். வெறுங்கையோடு வந்து கூப்பிட்டால் மறுக்கலாம்; தாம்பாளத்தோடு முறைப்படி அழைக்க வந்தவரிடம் மாட்டேன் என்பது எங்கள் சம்பந்தங்களில் நடவாத காரியம். அப்பாவின் முகம் அன்று காலையிலிருந்தே கனத்திருந்தது. பட்டறைக்கு விடுமுறை என்றாலும் இருமுறை பட்டறைவரை போய்வந்தார். அத்தை விடிந்ததும் குளித்துவிட்டு, புறப்பட வேண்டியவர் போலவும் இல்லாமல், இருக்கப்போகிறவர் போலவும் இல்லாமல், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

வந்தவர்கள் கைகால் கழுவி இளைப்பாறுவது ஒரம்பரை ரூமில்தான். உடுமலை மாமா முன்பு பலமுறை அங்கே தங்கியவர். ஆகவே யாரும் சொல்லாமலே கைப்பையோடு அந்த அறையை நோக்கி நடந்து, நிலைப்படியில் நின்றுவிட்டார்.

மிஷினின் மேல் பாதி தைத்த பச்சை பிளவுஸ் ஒன்று கை தொங்கக் கிடந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து பீரோ கைப்பிடிவரை கட்டிய கொடியில் என் பாவாடைகள். அரிசி டிரம்மின் மூடிமேல் இஸ்திரிப் பெட்டி. சுவரில் முறம். கட்டிலில் நூல்கண்டுகளும் என் வண்ணப் பென்சில்களும். மாமாவுக்குக் கால் வைக்க இடமில்லை. அத்தை விரைந்து வந்து, நாணத்தோடு கொடியை ஒதுக்கினார். இப்படித்தானுங்க கெடக்குது, ஒரு சாமான் வெக்க எடமில்லீங்க, எத்தன அடுக்கினாலும் இந்தப் புள்ள கலைச்சுப்போடுது என்று என்னைக் காட்டிக் குறைப்பட்டுக்கொண்டார். சொல்லிவிட்டு வந்தவர்களுக்குக் காப்பி எடுத்துவர அடுப்படிக்குப் போனார்.

நானும் மாமாவும் நிலைப்படியில் தனியாக நின்றோம். நீதி கேட்க இதைவிடச் சிறந்த தருணம் எனக்கு வாய்க்கப்போவதில்லை. அத்தையின் பக்கத்துச் சொந்தக்காரர், கார் வைத்திருப்பவர், கேட்க உரிமை உள்ளவர். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இது நல்ல ரூமுங்க மாமா. அத்தை வந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. போன வாரந்தான் அம்மா எல்லாத்தையும் கொண்டாந்து உள்ள போட்டாங்க. மெத்தை கவரைக்கூட வெட்டிட்டாங்க."

மாமா என்னைக் குனிந்து பார்த்தார். போன வாரம் எப்பங்க அம்மணி என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க அத்தைக்கு ஃபோன் பண்ணினீங்கல்லங்க? அதுக்கு மக்யாநாளுங்க."

மறுநாளே என்றதும் அவர் மறுபடியும் அறையைப் பார்த்தார். முதலில் பார்த்ததைவிட நெடுநேரம் பார்த்தார். வெட்டிய மெத்தை, நடுத்தட்டில் அத்தையின் சேலைகள் தெரிய அரைகுறையாகத் திறந்து கிடந்த பீரோ, ஜன்னல் வெளிச்சத்தில் மிஷின். பிறகு என் தலையில் கையை வைத்து, நீங்க நல்லா வெவரமாப் பேசறீங்க அம்மணி என்றார். வழக்கில் வென்றுவிட்டேன் என்றே நான் முடிவுகட்டினேன். அவர் தன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கே திரும்பிப் போய், அதை நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். பரிமாறியது அம்மா அல்ல. நங்கையா, எனக்குக் கையில வேலை இருக்குதுங்க, நீங்க போடறீங்களா என்று அம்மா அடுப்படியிலிருந்தே கேட்க, அத்தை பாத்திரத்தோடு வந்தார். உப்பு எந்த டப்பாவில், நெய் எந்தத் தட்டில் என்று யாரையும் கேட்காமல் எடுத்து எடுத்துப் போட்டார். தாம்பாளம் டீப்பாயின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா ரசத்துக்கு வருவதற்கு வெகு முன்பே மோர் கேட்டார். உடுமலை மாமாவின் மனைவி மட்டும் ஒருமுறை, அப்ப இன்னைக்குச் சாயந்தரமே என்று ஆரம்பித்தார். மாமா அவரைப் பார்த்தார். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில் கேட் அருகே ஒரு பெண் குரல் கொடுத்தாள். பச்சை பிளவுஸ்காரி.

"ஏனுங்க்கா, என்ற பிளவுஸ் ஆச்சுங்களா?"

அம்மா அடுப்படியை விட்டு நகரவில்லை. அப்பா இலையையே பார்த்தார். அத்தை கரண்டியும் கையுமாக வாசல்வரை போனார். கொக்கி மட்டும் பாக்கி கண்ணு, நாளைக்குக் காலைல வா, இன்னைக்கு ஒரம்பரை வந்திருக்கறாங்க என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பியவர், தான் சொன்ன சொல் தன் காதிலேயே விழுந்ததுபோல அப்படியே நின்றுபோனார். அப்பாவின் கை இலைமேல் அசையாமல் இருந்தது. நான் உடுமலை மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வழக்கில் அவர் தீர்ப்புச் சொல்லப்போகும் தருணம் இதுதான் என்று எனக்குப் பட்டது. அவர் சோற்றைப் பிசைந்து முடித்தார். ஒரு கவளம் உண்டார். பிறகு நிமிர்ந்து அத்தையிடம் பேசினார்.

"நங்கையா, தோப்புல அடுத்த வெட்டு ஆவணியில வருதுங்க. உங்க பங்குத் தேங்காயை நானே வண்டில போட்டு இங்க கொண்டாந்து எறக்கிப்போடறனுங்க. வருசா வருசம் அப்படியே பண்ணிக்கலாம். நல்லது பொல்லதுக்கு நீங்க அங்க வந்து முன்னால நின்னாப் போதுமுங்க."

ஓர் அழைப்பையும் ஒரு விடுதலையையும் ஒரே மூச்சில், இரு குடும்பத்தில் எவர் தலையும் தாழாதபடி சொல்லக்கூடிய பேச்சாளரை நான் இதுவரை வேறெங்கும் சந்திக்கவில்லை. அத்தை சரீங்க என்றார். அது காதில் விழாதபடி மெல்லச் சொன்னதால், இன்னொரு முறையும் சரீங்க என்றார். அப்பா திடீரென்று பசி வந்தவராக மறுசோறு கேட்டார். புறப்படும்போது உடுமலை மாமா தாம்பாளத்தைத் திரும்ப எடுத்துப்போகவில்லை. புதுச்சேலையை அத்தையின் கையில் கொடுத்தார். அவர் மனைவி பூவை எடுத்து அம்மாவின் தலையில் வைத்துவிட்டார். அம்மா அவரிடம், அடுத்தவாட்டி குழந்தைங்களையும் கூட்டிட்டு வாங்க, அல்லாரும் ஒண்ணா ஹால்ல படுத்துக்கலாம் என்றார். அன்றைக்கு அம்மா சற்று நீளமாகப் பேசியது அது ஒன்றுதான்.

கார் தெருமுனை திரும்பியது. நான் தோற்றுவிட்டேன் என்பது மெல்ல உறைத்தது. என் முறையீட்டை அவ்வளவு கவனமாகக் கேட்டவர், அத்தையை அதே சாமான்களுக்கு நடுவே விட்டுவிட்டுப் போய்விட்டார். அறையைக் காலி செய்யும்படி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனம் வெதும்பி, அந்த அறைக்குள் போய்க் கட்டிலில் குப்புற விழுந்தேன்.

அத்தை உள்ளே வந்தார். புதுச்சேலையைப் பீரோவின் நடுத்தட்டில் வைத்துவிட்டு மிஷின் பக்கம் திரும்பியவர், அப்படியே நின்றார். பச்சை பிளவுஸின் தோள்பட்டையில் என் வண்ணப் பென்சில் ஒன்று கிடந்து சிவப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது.

"ஏ புள்ள, எந்திரி மேல. அடுத்தவங்க துணியில என்ன பண்ணி வெச்சிருக்கற பாரு? எத்தனவாட்டி சொல்றது மிஷின்மேல எதையும் போடாதேன்னு? உன்ற சாமானெல்லாம் இப்பவே பொறுக்கு. ஒண்ணு கீழ கெடந்துச்சுன்னா தூக்கி வெளிய எறிஞ்சுபோடுவேன்."

என்னால் நம்ப முடியவில்லை. வாங்க இல்லை, அம்மணி இல்லை. உலகத்திலேயே என்னை அதட்டாத ஒரே மனிதர், யாருக்காக நான் இரண்டு முறை உரை நிகழ்த்தி ஒருமுறை முறையிட்டேனோ அவர், ஈரத்துணியை என் கையில் திணித்து, தேய் என்றார். நான் வீறிட்டு அழுதேன். அத்தை அசையவில்லை; அழுதுட்டே தேய் என்றார்.

தேய்த்து முடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். அத்தை இப்படி மாறிப்போனதற்கு யார் காரணம் என்று விம்மலுக்கு நடுவே அம்மாவிடம் விளக்கினேன்: பூப்போல இருந்தவர், இடமில்லாத அறையில் இருந்து இருந்து, என்னைத் திட்டுகிற அளவுக்கு ஆகிவிட்டார். அம்மா எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நெசமாவா? உன்னையத் திட்டினாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன சொல்லித் திட்டினார் என்று கேட்டார். ஒரு சொல்லும் விடாமல், அத்தையின் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அம்மா சுருட்டிய இலைகளைக் கீழே வைத்துவிட்டு அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்; கண்ணிலிருந்து நீர் வழிய வழியச் சிரித்தார். சிரிப்பினூடே அப்பாவைக் கூப்பிட்டு, இவ சொல்றதைக் கேளுங்க என்றார். மூன்றாம் முறையும் நான் ஒப்பித்தேன். அப்பா கேட்டுவிட்டு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

ஒரு குழந்தை திட்டு வாங்கியதைக் கேட்டு இப்படி மகிழ்கிற பெற்றோர் எனக்கு வாய்த்தார்களே என்று அந்தத் தோளின் மேலிருந்து நான் இன்னும் உரக்க அழுதேன்.